மூன்றாவது கணக்கில் இரைச்சல்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வந்த அந்த மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் நின்றார். அந்த ஐந்து நிமிடமும் மைக்கு ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் சால்டரிங் ராடு. மேஜையில் வயிறு பிளந்து கிடந்தது ஓர் ஒலிபெருக்கி.

"அண்ணி, வாசல்ல ஒருத்தர் நிக்கறார். ஒண்ணு விலாசம் தப்பா வந்தவர், இல்லைன்னா ஏதோ பெரிய கஷ்டத்துல இருக்கிறவர்."

"ரெண்டாவதுதான். விலாசம் தெரியாம வந்தவன் செருப்பைக் கழட்ட மாட்டான். கூப்பிடு," என்றாள் அண்ணி.

மைக்கு என்பது அப்பா அம்மா வைத்த பெயரில்லை. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவன் தொழில். அவன் பேச ஆரம்பித்தால் ஒலிபெருக்கியே தேவையில்லை என்பது தெருவின் தீர்ப்பு. இரண்டையும் சேர்த்து யாரோ வைத்த பெயர், முப்பத்திரண்டு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கப்பலில் வேலையாகப் போனதிலிருந்து வீட்டில் அண்ணியும் அவனும்தான். அண்ணி இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவள். கிடங்கு தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வேலையை விட்ட பிறகும் ஜனங்கள் அவளை விடவில்லை.

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து என்ன சொன்னாலும், கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டேதான் கேட்பாள். கை ஓடிக்கொண்டிருந்தால் கதை ஓடுகிறது என்று பொருள். கை நின்றால் எங்கேயோ முடிச்சு தட்டுப்பட்டிருக்கிறது.

வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர். விரல் நுனிகளில் கறுப்பு.

"நான் ஸ்கூல்ல எலக்ட்ரீஷியனுங்க. எம்பொண்ணும் அதே ஸ்கூல்தான், ஒன்பதாவது. சிட்டுன்னு கூப்பிடுவோம். பொறந்ததுலேர்ந்தே காது மந்தம். கணக்கு டீச்சர் கழுத்துல ஒரு குட்டி மைக் தொங்கும். எம்பொண்ணு காதுல இருக்கற மெஷினோட ஒரு சின்ன ரிசீவர் சேர்ந்திருக்கும். டீச்சர் பேசறது நேரா அவ காதுக்கே வந்துடும்."

"தெரியும், தெரியும். எஃப்.எம். செட்டு," என்று மைக்கு உற்சாகமாக ஆரம்பித்தான்.

"தம்பி," என்றாள் அண்ணி. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"புதன்கிழமை கணக்குப் பரீட்சைங்க. பையெல்லாம் வெளிய வைக்கச் சொன்னப்போ இவ பையிலேர்ந்து ஒரு காகிதம் விழுந்துதாம். கேள்வித்தாள்ல இருந்த அஞ்சு பெரிய கணக்கும் அதுல இருந்துதாம். பரீட்சையையே நிறுத்திட்டாங்க."

"காகிதத்தை நீங்க பாத்தீங்களா?"

"காட்டலீங்க. ஏதோ துண்டுச் சீட்டுன்னாங்க. அவளுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டேன். அதை நாங்க பாத்துக்கறோம்னுட்டாங்க. நாளைக்கு நிர்வாகக் குழு கூடுது. அவ பேரை எடுத்துடுவாங்களாம். இந்த மெஷினை வச்சுப் பாடம் சொல்லித்தர்ற ஸ்கூல் இந்தச் சுத்துவட்டாரத்துல இது ஒண்ணுதாங்க. இதை விட்டா எம்பொண்ணு வீட்டுல உக்காரணும்."

"பொண்ணு என்ன சொல்றா?"

அவர் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மறுபடி செருகினார். "நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டாளாம். வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கறா. என் முகத்தைப் பாக்கவே மாட்டேங்கறா."

ஒப்புக்கொண்ட பிறகு கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று மைக்குவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அண்ணியின் பார்வை அதை உள்ளேயே தள்ளியது.

"அவ பண்ணியிருக்க மாட்டான்னு எதை வச்சு சொல்றீங்க?"

"அவளுக்கு அவசியமே இல்லீங்க. தினமும் சாயங்காலம் நானும் அவளும் உக்காந்து கணக்குப் போடுவோம். அவ அம்மா ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள பத்துக் கணக்காவது போட்டுடுவோம். டீச்சரும் உயிரைக் குடுத்து சொல்லித்தர்றவங்க. இந்தச் செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டி, குரலே எழும்பாம, அப்பவும் விடாம கணக்கு சொன்னாங்கன்னா பாத்துக்குங்க. அப்படிப்பட்டவங்களுக்குத் துரோகம் பண்ணுவாளா எம்பொண்ணு?"

அண்ணியின் கை நின்றது. மைக்குவின் கட்டம்போட்ட சட்டை பாதி மடிப்பில் அவள் மடியில் கிடந்தது. இரண்டு மூச்சு நேரம்தான். பிறகு மடித்து வைத்துவிட்டாள். சட்டையில் பொத்தான் போய்விட்டதைப் பார்த்துத்தான் நின்றிருப்பாள் என்று மைக்கு நினைத்துக்கொண்டான்.

"நீங்க வேலைக்குப் போங்க. நாங்க ஒரு மணி நேரத்துல அங்க வர்றோம்," என்றாள்.

பள்ளியின் இரண்டாம் மாடிக் கோடியில் இருந்த தேர்வு அறையில் தலைமையாசிரியை அவர்களை உட்கார வைத்தார். கண்டிப்பானவர், ஆனால் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். பக்கத்தில் கணக்கு டீச்சர், கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையா, அந்தப் புள்ளையை அனுப்பறதுக்கு? ஆனா அவளே ஒத்துக்கிட்டப்புறம் நான் என்ன பண்றது?" என்று தலைமையாசிரியை இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்து வைத்தார்.

துண்டுச் சீட்டு இல்லை அது. நீளமான நோட்டிலிருந்து கிழித்த முழுத்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல், பொறுமையாக எழுதப்பட்ட ஐந்து கணக்குகள். ஏழு என்ற எண் வந்த இடத்திலெல்லாம் அதன் நடுவே ஒரு குறுக்குக்கோடு. மூன்றாவது கணக்கு பாதியில் நெளிநெளியான கோடாக மாறி, மறுபடி கடைசி வரியில் எழுத்தாகியிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை: இரைச்சல்.

"எழுத்து அவளோடதா?"

"இல்லை. கேட்டா, இடது கையால எழுதினேன்கறா."

"இவ்வளவு நிதானமான இடது கையா!" என்றான் மைக்கு.

கணக்கு டீச்சருக்கு அடக்க முடியவில்லை. "தப்பு என்னோடதுங்க. பரீட்சைக்கு முந்தின நாள்னு செவ்வாய்க்கிழமை பிள்ளைங்களை லைப்ரரியில படிக்க அனுப்பிட்டோம். மூணாவது பீரியட் எப்பவும் என் வகுப்பு. அது காலியா இருந்துதுன்னு, இதே ரூம்ல உக்காந்து கேள்வித்தாளை மேடத்துக்கு வாசிச்சுக் காட்டினேன். காலையில வந்ததும் சார்ஜர்லேர்ந்து மைக்கை எடுத்துக் கழுத்துல மாட்டறது எனக்குக் கைப்பழக்கம். வகுப்பே இல்லாத அன்னைக்கும் மாட்டியிருக்கேன், அணைக்காம. வீட்டுக்குப் போனப்புறம்தான் கழுத்துல பச்சை விளக்கு எரியறதையே பாத்தேன்."

"அச்சடிச்ச தாளும் கையெழுத்துப் பிரதியும் என் பீரோவை விட்டு வெளிய போகலை," என்றார் தலைமையாசிரியை. "அந்த மைக்கைக் கேக்கற மெஷின் அவகிட்ட மட்டும்தான் இருக்கு. வேற என்ன முடிவுக்கு வர முடியும்?"

"நீங்க வாசிக்கும்போது மேடம் நடுவுல பேசினாங்களா?"

"இல்லை. பென்சிலால டிக் போட்டுட்டே வந்தாங்க."

"டீச்சர், அன்னைக்கு உங்க உடம்பு எப்படி இருந்துது?"

இதென்ன, வைத்தியம் பார்க்க வந்தாளா என்று மைக்கு அண்ணியைப் பார்த்தான்.

"தொண்டை சுத்தமா கட்டிடுச்சுங்க. காலையில எழுந்தா குரலே வரல. நேரா இந்த ரூமுக்கு வந்தேன். மேடத்தைத் தவிர ஒருத்தர் முகத்தையும் பாக்கல. மதியமே அரை நாள் லீவு. மேடமே கார்ல கொண்டு விட்டாங்க. புதன்கிழமை வந்தப்போ சரியாயிடுச்சு."

அண்ணி தலையாட்டினாள். "பொண்ணைப் பாக்கலாமா?"

சிட்டு நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு, இரட்டைச் சடை, காதுக்குப் பின்னால் பழுப்பு நிறக் கருவி. அண்ணி நாற்காலியை இழுத்து, தன் உதடு நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நான்தான் எழுதினேன்," என்றாள் பெண், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "இடது கையால."

"அதை நான் கேக்கவே இல்லையேம்மா. வேற ஒண்ணு சொல்லு. டீச்சர் அந்த மைக்கோட தூரமா போயிட்டா உனக்கு என்ன கேக்கும்?"

பெண் யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருந்தது. "ஒண்ணும் கேக்காது. கதவைச் சாத்தின மாதிரி நின்னுடும்."

"நிக்கறதுக்கு முன்னாடி கரகரன்னு, உஸ்ஸுன்னு ஏதாவது?"

"அப்படி எதுவும் வராதே. டீச்சர் வருவாங்க, இல்லைன்னா சும்மா இருக்கும்."

"அப்போ மூணாவது கணக்குல இரைச்சல்னு எழுதியிருக்கியே, அந்த இரைச்சல் எப்படி இருந்துச்சு?"

சிட்டுவின் கண்கள் ஒரு கணம் விரிந்தன. பிறகு தரையைப் பார்த்தன. "இரைச்சலாதான் இருந்துச்சு." மெதுவாக, "எங்கப்பாவை எதுவும் கேக்காதீங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள்.

அண்ணி அவள் சடையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மைக்கு பொரிந்துவிட்டான். "அண்ணி! அந்தப் பொண்ணு பொய் சொல்றா! அவளால அதை எழுதியிருக்கவே முடியாது!"

"ஏன்? எனக்குப் புரியற மாதிரி, சுருக்கமா சொல்லு."

சுருக்கம் அவனுக்கு வராத கலை. ஆனாலும் முயன்றான். "ஒயர் இல்லாத செட்டு எல்லாத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. மைக் அணைஞ்சாலோ தூரமா போனாலோ, ரிசீவர் சும்மா இருக்காது. காத்துல இருக்கற குப்பையெல்லாம் அள்ளி உஸ்ஸுன்னு கத்தும். அது நேரா ஒரு குழந்தை காதுக்குள்ள போனா என்ன ஆகும்? அதுக்காக உள்ள ஒரு காவல் வச்சிருப்பாங்க. ஸ்குவெல்ச்னு பேரு. நாங்க வாட்ச்மேன்னு சொல்லுவோம். வேடிக்கை என்னன்னா, இந்த வாட்ச்மேன் குரலைக் கவனிக்கறதே இல்லை. மனுஷக் குரல் எட்டாத உச்சத்துல எவ்வளவு இரைச்சல் இருக்குன்னு மட்டும் அளந்துட்டே இருப்பான். மைக்கோட அலை பலமா வந்தா இரைச்சல் அடங்கிக் கிடக்கும், கதவைத் திறந்து விடுவான். அலை பலவீனமாச்சுன்னா இரைச்சல் தலைதூக்கும், டப்புன்னு சாத்திடுவான். உள்ள குரல் கொஞ்சம் இருந்தாலும் கவலைப்பட மாட்டான், மொத்தமா அமைதி."

"ஆக, அவ அந்தத் தேர்வு ரூமுக்குக் கீழ வந்து நின்னு ஒட்டுக் கேட்டிருந்தா?"

"கிட்ட வந்திருந்தா எல்லாம் தெளிவா கேட்டிருக்கும். தூரத்துல இருந்திருந்தா ஒண்ணுமே கேட்டிருக்காது. நடுவுல இரைச்சல்ங்கற பேச்சுக்கே அந்தப் பெட்டியில இடமில்லை."

"நல்லா சொன்னே. உனக்கும் அப்படி ஒரு வாட்ச்மேனை வச்சிருந்தா அத்தைக்குப் புண்ணியமா போயிருக்கும்," என்றாள் அண்ணி. "அப்போ எழுதினவங்க கேட்டது வாட்ச்மேன் இல்லாத ரிசீவர். இந்த ஸ்கூல்ல வேற ரிசீவர் எங்க இருக்கும்?"

"ஹால்ல இருக்கும், அண்ணி. மேடை மைக்குக்கு."

மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது ஹால். ஒன்பதாம் வகுப்பு அறை ஹாலை ஒட்டினாற்போல். தேர்வு அறையோ மைதானம் தாண்டி, இரண்டாம் மாடியில். மேடைக்குப் பின்னால் ஒரு சிறிய சுவிட்ச் அறை. மைக்கு அதற்குள் நுழைந்ததும் தன் வீட்டுக்கு வந்தவன் போலானான். கண்ணும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்தன.

"இதோ ரிசீவர். டீச்சர் கழுத்துல இருக்கற மைக்கும் இதுவும் ஒரே கம்பெனி. மேடை மைக்குல நாலாம் நம்பர் சேனல்னு ஒட்டியிருக்கு. ஆனா பாருங்க, இது ஒன்பதுல நிக்குது. டீச்சர் மைக் எதுலன்னு பாத்தீங்களா?"

"ஒன்பது," என்றாள் அண்ணி.

அவன் பெட்டியைத் திருப்பினான். பின்பக்கம், சிறிய திருப்புளியால் மட்டுமே திருப்பக்கூடிய குமிழ். நடுவில் நிற்க வேண்டியது, இடதுகோடி வரை திருகப்பட்டிருந்தது. "வாட்ச்மேனை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க, அண்ணி. எதுவா இருந்தாலும் உள்ள விடுன்னு." முன்பக்கத்தில் ஒரு ஹெட்ஃபோன் செருகியிருந்தது. அதன் பஞ்சு உறை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. ஒருநாள் இரண்டு நாள் பயன்படுத்தித் தேய்ந்ததில்லை அது.

"யாரோ ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்தவன் சுவரைப் பார்த்து நிறுத்தினான். சுவிட்ச் பலகையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே கையால் எழுதி ஒட்டிய எண்கள். ஏழு, பதினேழு, இருபத்தேழு. ஒவ்வோர் ஏழின் இடுப்பிலும் ஒரு குறுக்குக்கோடு.

மைக்குவின் முகம் வாடிவிட்டது. "அண்ணி, நம்மகிட்ட அழுதுட்டு வந்தவரே..."

"அவசரப்படாதே. திருடினவன் விசாரிக்கச் சொல்லி வீடு தேடி வருவானா? அதுவும் செருப்பைக் கழட்டிட்டு?"

மேஜை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு நீள நோட்டு தெரிந்தது. மைக்கு கை நீட்டினான். அண்ணி இழுப்பறையை மெதுவாக மூடினாள்.

"வேண்டாம். அதை அவர் கையாலேயே திறக்கட்டும்."

இரண்டு மணிக்கு அண்ணி எல்லோரையும் ஹாலுக்கு வரச் சொன்னாள். முன்வரிசையில் தலைமையாசிரியை, இரண்டு நாற்காலி தள்ளி சிட்டு. எலக்ட்ரீஷியன் உட்காராமல் தூணோரம் நின்றார். அவர் வந்ததும் பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பார்த்த அந்த மனிதரின் முகத்தை மைக்குவால் பார்க்க முடியவில்லை. கணக்கு டீச்சரை மட்டும் அண்ணி தேர்வு அறைக்கே அனுப்பியிருந்தாள். மைக்கை மாட்டிக்கொண்டு, பாடப்புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டே இருக்கும்படி சொல்லியிருந்தாள்.

"மேடம், சிட்டுவோட மெஷினைச் சோதிக்க ஒரு குழாய் வச்சிருப்பீங்களே, அதை உங்க காதுல வச்சுக்குங்க. என்ன கேக்குது?"

தலைமையாசிரியை வைத்துக்கொண்டார். "ஒண்ணும் கேக்கலை."

"தம்பி, ஹால் ஒலிபெருக்கியைப் போடு."

மைக்கு பொத்தானை அழுத்தினான். சூடான எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல் ஹால் முழுவதும் இரைந்தது. தலைமையாசிரியை காதைப் பொத்திக்கொண்டார். அந்த இரைச்சலுக்கு அடியில், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், கணக்கு டீச்சரின் குரல் ஒரு முக்கோணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு வார்த்தை கேட்டால் ஐந்தாவது முழுகியது.

"இப்போ குமிழை நடுவுக்குக் கொண்டு வா."

திருப்புளி கால் சுற்று திரும்பியது. டப். ஹால் அமைதியானது.

"இதுதான் விஷயம், மேடம்," என்றாள் அண்ணி, குரலை உயர்த்தாமல். "சிட்டுவோட மெஷினுக்குள்ள இந்தக் காவல் எப்பவும் விழிச்சிருக்கு. அவளுக்கு டீச்சர் குரல் கேக்கும், இல்லைன்னா அமைதி கேக்கும். இரைச்சல் அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை அவ எப்படி ஓரத்துல எழுதுவா? அந்தக் காகிதத்தை எழுதினவர் இந்த ஹால்ல உக்காந்து, இந்தக் குமிழைத் திருகி வச்சுக் கேட்டவர்."

"யார் அது?"

"நான்தான்!" சிட்டு எழுந்து நின்றுவிட்டாள். "நான்தான் எழுதினேன், நான்தான்!"

எலக்ட்ரீஷியன் தூணை விட்டு முன்னால் வந்தார். அவர் பெண்ணைப் பார்க்கவில்லை, குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், அந்தக் காகிதத்தை நான் ஒரு தடவை பாக்கலாங்களா?"

தலைமையாசிரியை நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார். அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என் எழுத்துங்க," என்றார். "நான்தான் எழுதி, பரீட்சைக்கு முன்னாடி பாத்துக்கட்டும்னு கிழிச்சு அவ பையில வச்சேன். செவ்வாய்க்கிழமை. மூணாவது பீரியட். வழக்கம்போல."

"வழக்கம்போலன்னா?" தலைமையாசிரியையின் குரல் உயர்ந்தது.

எலக்ட்ரீஷியன் எழுந்து சுவிட்ச் அறைக்குள் போனார். அந்த நீள நோட்டோடு திரும்பி வந்து, அதைத் தலைமையாசிரியையின் மடியில் வைத்தார்.

"ஜூன் மாசத்துலேர்ந்துங்க. டீச்சர் போர்டு பக்கம் திரும்பினா எம்பொண்ணுக்கு உதடு தெரியாது. மெஷின்ல வர்ற குரலை மட்டும் வச்சு அவளால முழுசா பிடிக்க முடியாது. வீட்டுக்குப் பாதிப் பாடத்தோட வருவா, வந்து அழுவா. நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன், எதைச் சொல்லித் தர்றது? அதான் டீ குடிக்கற நேரத்துல இங்க வந்து, இந்தப் பெட்டியை டீச்சர் மைக்குக்குத் திருப்பி... அவங்க போர்டு பக்கம் திரும்பினா உடம்பு அலையை மறைச்சு, இதுவும் டப்புன்னு நின்னுடும். அதுக்குத்தான் குமிழைத் திருகினேன். கேக்கறதை எழுதி, சாயங்காலம் அவகூட உக்காந்து போடுவேன். லைப்ரரிக்கு அனுப்பினது எனக்குத் தெரியாதுங்க. பரீட்சைக்கு முந்தின நாள், அஞ்சு மாதிரிக் கணக்கு சொல்றாங்கன்னு நினைச்சேன். அன்னைக்கு இரைச்சல் அதிகமா இருந்துது. டீச்சருக்குத் தொண்டை வேற. காதை அழுத்திப் பிடிச்சுட்டு எழுதினேன். என் கையாலேயே எம்பொண்ணு தலையில..."

"காலையிலேயே சொன்னீங்க," என்றாள் அண்ணி. "டீச்சர் தொண்டை கட்டின குரலோட கணக்கு சொன்னாங்கன்னு. அன்னைக்கு அந்தக் குரலைக் கேட்டது உலகத்துலயே ரெண்டு பேர். ஒருத்தர் மேடம். சிட்டு லைப்ரரியில இருந்தா, அவ வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கவும் முடியாது. காலையில ஒரு சந்தேகம், டீச்சர் பேசினதும் நீங்கதான் கேட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. எப்படிக் கேட்டீங்கன்னு இவன் கண்டுபிடிச்சான். ஏன் கேட்டீங்கன்னுதான் எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல."

ஆக, சட்டையில் பொத்தான் போகவில்லை என்று மைக்குவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தலைமையாசிரியை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, மூன்றாவது பீரியட், கணக்கு. ஓரங்களில் அதே ஒற்றை வார்த்தை, சில இடங்களில் அதற்குக் கீழே, 'டீச்சர்கிட்ட கேக்கச் சொல்லணும்'. இதற்குள் கணக்கு டீச்சரும் மைக்கை அணைத்துவிட்டு மைதானத்தைத் தாண்டி ஓடிவந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இரைச்சல்னு இருக்கற இடமெல்லாம் நான் போர்டைப் பாத்துப் பேசின இடமா?" என்றார். ஒரே பக்கத்தில் அந்த வார்த்தை ஏழு இடத்தில் இருந்தது. "இத்தனை நாளா யாருமே சொல்லலியே." அவர் கண் கலங்கிவிட்டது.

சிட்டு இவர்கள் உதடுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் அருகில் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

"பழைய புத்தகத்துலேர்ந்து கணக்கு எடுக்கறேன்னுதானேப்பா சொன்னே? மேடம் காகிதத்தைக் காட்டினப்போ நீ கோடு போடற ஏழைப் பாத்துட்டேன். நீ எனக்காகத் திருடிட்டேன்னு நினைச்சுட்டேன். உன் வேலை போயிடும்னு..."

"அடிப்பாவி. அதுக்காகவா என் முகத்தைப் பாக்கல?"

"பாத்தா அழுதுடுவேன்," என்றாள். பார்த்தாள், அழுதும் விட்டாள்.

தலைமையாசிரியை நோட்டை மூடி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்தது. "கேக்காம வகுப்பை ஒட்டுக் கேட்டது தப்புதான். அதை நாளைக்குக் குழு முன்னாடி நீங்களே வந்து சொல்லணும். மைக்கை அணைக்காததுக்கு டீச்சர் சொல்லுவாங்க. பக்கத்துல உக்காந்தும் பச்சை விளக்கைப் பாக்காததுக்கு நான் சொல்றேன். இந்த நோட்டை நானே முதல் பக்கத்துலேர்ந்து வாசிக்கறேன். அதுக்கப்புறம் யார் பேரை எடுக்கணும்னு அவங்க சொல்லட்டும். சிட்டு, திங்கக்கிழமை உனக்கு மறுபரீட்சை. போய்ப் படி."

"அப்போ மூணாவது பீரியட்?" என்று எலக்ட்ரீஷியன் பயந்துகொண்டே கேட்டார்.

"வகுப்புக்குள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க. நான் இனிமே போர்டைப் பாத்துப் பேச மாட்டேன்," என்றார் கணக்கு டீச்சர்.

மைக்கு ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். சேனலை நாலுக்கு மாற்றப் போனபோது, சிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த இரைச்சலை நான் ஒரு தடவை கேக்கலாமா?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தலையசைத்தாள். தேய்ந்த ஹெட்ஃபோனை எடுத்து, காதுக்கருவியை அழுத்தாமல், அவள் தலையில் மாட்டினான். ஒலியை நன்றாகக் குறைத்துவிட்டு, குமிழை மெல்ல இடது பக்கம் திருகினான்.

சிட்டு திடுக்கிட்டாள். கை தானாக ஹெட்ஃபோனைப் பிடுங்கப் போனது, ஆனால் பிடுங்கவில்லை. அப்பா செய்ததுபோலவே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி, புருவம் நெரித்து, முழுதாக ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு கழற்றிவிட்டு, படியில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குள்ளேர்ந்தா எனக்குக் கணக்கு எடுத்துட்டு வந்தே?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மைக்கு வாயைத் திறக்கவே இல்லை; உடம்புக்கு ஏதாவதா என்று அண்ணியே இரண்டு முறை கேட்டுவிட்டாள்.